ரீபூட்டுக்குப் பிறகு ஐந்து மாதம் பின்னால் போன தளம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கர்னல் அப்டேட்டுக்காக ஒரு சனிக்கிழமை காலை சர்வரை ரீபூட் செய்தோம். இரண்டு நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டது. முகப்புப் பக்கம் திறந்தது, லாகின் பக்கம் திறந்தது, கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. சரி, வேலை முடிந்தது என்று மடிக்கணினியை மூடினேன். அந்த நிமிடத்திலிருந்து மதியம் வரை எங்கள் பயனர்கள் ஐந்து மாதத்துக்கு முந்தைய தரவுத்தளத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தரவுத்தளத்தின் முகவரியைச் சொல்லும் சூழல் மாறிகள் (ஒரு நிரல் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படும் பெயர்-மதிப்பு இணைகள்) வெப் சேவைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் இந்தக் குறை ஐந்து மாதம் எப்படி மறைந்து கிடந்தது, கண்டுபிடித்த பிறகும் அதைச் சரிசெய்ய ஏன் நான்கு தடவை முட்டிக்கொண்டோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அமைப்பு ஒன்றும் விசேஷமானதல்ல. வகுப்புகளுக்குப் பதிவு செய்ய, பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதிய ஒரு செயலி. அதை ஓட்டுவது கூனிகார்ன், முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்துவது என்ஜின்எக்ஸ், பின்னால் தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸ். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி; கூனிகார்னை எப்படித் தொடங்குவது என்று அதற்குச் சொல்லும் ஒரு சேவைக் கோப்பு இருந்தது. தரவுத்தளம் முதலில் இதே சர்வரில்தான் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அதைத் தனி இயந்திரத்துக்கு மாற்றினோம். பழையதை நிறுத்தவில்லை, "கொஞ்ச நாள் இருக்கட்டும், எதற்கும் ஒரு பாதுகாப்பு" என்று விட்டுவைத்தோம். அந்தப் பாதுகாப்புதான் கடைசியில் காலை வாரியது.

காலை பத்தரைக்கு முதல் புகார் வந்தது. "தானாக லாக் அவுட் ஆகிவிட்டது." ரீபூட் செய்திருக்கிறோமே, ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டோம். உண்மையில் அதுவே முதல் தடயம். எங்கள் செஷன்கள், அதாவது யார் லாகின் செய்திருக்கிறார் என்ற குறிப்புகள், தரவுத்தளத்தில் சேமிக்கப்படுபவை; சர்வர் ரீபூட் ஆனால் அவை அழியக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள் என்றால் செஷன் அட்டவணையே வேறாகிவிட்டது என்று பொருள். அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை.

அடுத்து, கடவுச்சொல் தவறு என்று வருவதாக நாலைந்து பேர். அதில் ஒருவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: போன மாதம் மாற்றிய கடவுச்சொல் வேலை செய்யவில்லை, சும்மா பழையதைப் போட்டுப் பார்த்தேன், உள்ளே போய்விட்டது. அதைப் படித்து, மறந்திருப்பார் என்று கடந்துபோனோம்.

மூன்றாவதாகச் சில பக்கங்களில் 500 பிழை. லாகைத் திறந்தால், குறிப்பிட்ட ஒரு நெடுவரிசை அட்டவணையில் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்கிறது. புது ஷெல் (கட்டளைத் திரை) ஒன்றைத் திறந்து மைக்ரேஷன் (தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் படி) பட்டியலைப் பார்த்தேன். ஏழு மைக்ரேஷன்கள் ஓடாமல் நின்றிருந்தன. யாரோ மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்து, மைக்ரேட் கட்டளையை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடிந்தது. 500 பிழைகளும் நின்றன.

அன்று நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான். பழைய தரவுத்தளம் அதுவரை தன் அடையாளத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் போய் அதற்குப் புது வேடம் கட்டி, செயலிக்குப் பொருத்தமாக்கிக் கொடுத்துவிட்டேன். அதுவரை பாதியில் உடைந்துகொண்டிருந்த பதிவுகள் அதன்பிறகு தடங்கலின்றி உள்ளே போக ஆரம்பித்தன, தவறான இடத்துக்குள். கடைசிப் பதினைந்து நாளில் ஓடியிருக்க வேண்டிய ஒரு மைக்ரேஷன் தவறியிருந்தால் நம்பலாம். ஏழு எப்படித் தவறும்? அந்தக் கேள்வியைக் கேட்காமலே என்டர் தட்டிவிட்டேன்.

உண்மை வெளிப்பட்டது வேறு திசையிலிருந்து. தரவுத்தள இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர் மதியம் அழைத்தார்.

"ஏங்க, தளத்தை நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

"இல்லையே, நல்லா ஓடுதே."

"என் பக்கம் ஒரு கனெக்ஷன்கூட இல்லைங்க. இப்போ பாத்துட்டுதான் பேசறேன்."

போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்று ஒரு காட்சி உண்டு. யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்த முகவரியிலிருந்து, என்ன வினவல் ஓட்டுகிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். அதில் அவருடைய சொந்த இணைப்பு மட்டும்தான் இருந்தது. எங்கள் செயலியின் பெயரில் ஒன்றுமில்லை. அப்படியானால் செயலி யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

உடனே ஓடிக்கொண்டிருக்கும் கூனிகார்ன் ப்ராசஸின் எண்ணை எடுத்து, ப்ராக் அடைவுக்குள் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் என்விரான் கோப்பைப் படித்தோம். ஒரு ப்ராசஸ் தொடங்கியபோது அதன் கையில் கொடுக்கப்பட்ட சூழல் மாறிகள் அத்தனையும் அதில் இருக்கும். வரிகளுக்கு இடையே புதுவரிக் குறி இல்லாமல் சுழியக் குறி இருப்பதால் அப்படியே திறந்தால் ஒரே கோவையாகத் தெரியும். டிஆர் கட்டளையால் சுழியத்தைப் புதுவரியாக மாற்றினால் படிக்கலாம். எங்கள் கோவை மிகச் சிறியது. பாத், லாங், யூசர், ஹோம், சிஸ்டம்டி சேர்க்கும் இரண்டு மூன்று. டிபி என்று தொடங்கும் மாறி ஒன்றுகூட இல்லை.

அப்புறம் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்தோம். டிபி_ஹோஸ்ட் என்ற மாறியை எடு, இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் (இதே இயந்திரம்) என்று வைத்துக்கொள். டிபி_யூசர் இல்லாவிட்டால் இது, டிபி_பாஸ்வேர்டு இல்லாவிட்டால் அது. ஆரம்ப நாட்களில் வசதிக்காக எழுதிய இயல்பு மதிப்புகள், கடவுச்சொல் உட்பட. அவை சுட்டிய இடத்தில் பழைய போஸ்ட்கிரெஸ் இன்னும் உயிரோடு உட்கார்ந்திருந்தது. மாறிகள் வரவில்லை என்பதற்குச் செயலி விழுந்திருக்க வேண்டும். விழாமல் பழைய வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஐந்து மாதம் எப்படி ஓடியது?

இடமாற்றம் நடந்த இரவை மெதுவாகத் திரும்ப நினைத்துப் பார்த்தோம். அன்று சேவையை நிறுத்திவிட்டு, நாம் வெளியேறினாலும் உயிரோடிருக்கும் ஒரு டிமக்ஸ் ஜன்னலில் புது முகவரியையும் கடவுச்சொல்லையும் சூழல் மாறிகளாக எக்ஸ்போர்ட் செய்து, அதே ஷெல்லில் கூனிகார்னைக் கையால் பின்னணியில் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். வேலை செய்தது. விடியற்காலை மூன்று மணி. சேவைக் கோப்பை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று படுக்கப் போயிருக்கிறோம். அந்த நாளை வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பதிப்பையும் அந்த டிமக்ஸ் ஜன்னலுக்குள் போய்த்தான் ஏற்றினோம். மைக்ரேட் ஓடியதும் அந்த ஷெல்லில், எனவே சரியான தரவுத்தளத்தில். பிறகு கூனிகார்னின் தலைமை ப்ராசஸான மாஸ்டருக்கு, செயலியைப் புதிதாக ஏற்றச் சொல்லும் ஒரு ஹப் சிக்னல். மாஸ்டர் சாகாது, கோரிக்கைகளைக் கவனிக்கும் புது வொர்க்கர்களைப் பெற்றெடுக்கும், பழையவற்றை அனுப்பிவிடும். புது வொர்க்கர்கள் மாஸ்டரின் சூழல் மாறிகளையே எடுத்துக்கொள்ளும். ஆக ஐந்து மாதத்தில் எத்தனை பதிப்பு ஏற்றினாலும், முதல் இரவில் கொடுத்த மதிப்புகள் பரம்பரைச் சொத்துபோலக் கைமாறிக்கொண்டே வந்தன. ரீபூட் அந்தப் பரம்பரையை அறுத்தது. சேவை எனேபிள் ஆகியிருந்ததால், அதாவது சர்வர் எழும்போது தானே தொடங்கும்படி இருந்ததால், இம்முறை கூனிகார்னைத் தொடங்கி வைத்தது ஷெல் அல்ல, சிஸ்டம்டி.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம், நானும் உட்பட. சூழல் மாறி என்பது சர்வரின் சொத்து என்று மனதுக்குள் ஒரு படம் இருக்கிறது. அப்படி ஒன்று கிடையாது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்தபோதே, ஒவ்வொரு ப்ராசஸும் பிறக்கும்போது தன்னைப் பெற்ற ப்ராசஸிடமிருந்து பெற்றுக்கொள்ளும் ஒரு சிறு பட்டியல்தான் அது. பிறந்த பிறகு வெளியிலிருந்து யாரும் அதில் எழுத முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "மாறியை வைத்தேனா" என்பதல்ல. "இந்த ப்ராசஸைப் பெற்றது யார், அவர் கையில் அந்த மாறி இருந்ததா" என்பது.

திருத்தம், நான்கு தடவை

முதலில் தளத்தைப் பராமரிப்புப் பக்கத்துக்கு மாற்றினோம். அடுத்த வேலையாகப் பழைய போஸ்ட்கிரெஸை நிறுத்தினோம். அன்று எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு என்று இதைச் சொல்வேன். இனி எந்தத் தவறு செய்தாலும் செயலி சத்தமாக விழும்.

முதல் முயற்சி: ஒரு நண்பர் இடிசி அடைவில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பில் மாறிகளை எழுதினார். வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, மதிப்பைக் காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டார், அழகாக வந்தது. சேவையை மறுதொடக்கம் செய்தோம். லோக்கல்ஹோஸ்டில் இணைப்பு மறுக்கப்பட்டது. பெயரைப் பார்த்தால் முழு இயந்திரத்துக்கும் பொதுவானது போலத் தோன்றும் கோப்பு அது. ஆனால் அதைப் படிப்பது பாம் என்ற லாகின் அமைப்பின் ஒரு பகுதி. மனிதர்கள் உள்ளே நுழையும்போது அது ஓடும். சிஸ்டம்டி தொடங்கும் சேவை யாரும் லாகின் செய்து தொடங்குவதல்ல. ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி, ப்ரொஃபைல் கோப்புகளுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது: சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையால் சேவைக்கு ஒரு மேலடுக்குக் கோப்பு உண்டாக்கி, அதில் என்விரான்மென்ட் என்ற கட்டளை வரிகளாக மாறிகளைக் கொடுத்தோம். முறை சரி. சேவைக் கோப்பை நேரடியாகத் தொட வேண்டாம், எடிட் முடிந்ததும் டீமன் ரீலோடும் (சிஸ்டம்டி சேவைக் கோப்புகளை மறுபடி படிப்பது) தானே நடந்துவிடும். மறுதொடக்கம் செய்தால், இம்முறை புது தரவுத்தளத்தைத் தொட்டுவிட்டது, ஆனால் கடவுச்சொல் தவறு என்றது. அதே கடவுச்சொல்லைப் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் கையால் கொடுத்தால் உள்ளே விடுகிறது. இருபது நிமிடம் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். கோப்பில் இருந்தது சரியாகவே இருந்தது.

கடைசியில் சிஸ்டம்சிடிஎல் ஷோ கட்டளையால், சிஸ்டம்டி அந்த வரியை எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்த்தோம். கடவுச்சொல்லின் நடுவே, நாங்கள் எழுதவே எழுதாத "/ரூட்" என்ற துண்டு உட்கார்ந்திருந்தது. கடவுச்சொல்லில் ஒரு சதவீதக் குறி, அதை அடுத்துச் சின்ன ஹெச் எழுத்து. சேவைக் கோப்புகளில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ஹோம் அடைவு. கணினி அளவிலான சேவைக்கு அது நிர்வாகிப் பயனரான ரூட்டின் அடைவு. சதவீதக் குறி வேண்டுமென்றால் இரண்டு முறை எழுத வேண்டும்.

இரட்டிப்பாக்கிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் அதே கட்டளை இன்னொரு சங்கதியையும் காட்டிக்கொடுத்தது: நான் அதை ரூட்டாக இல்லாமல் சாதாரணப் பயனராக ஓட்டியிருந்தேன். அப்படியும் கடவுச்சொல் முழுசாகத் திரையில் வந்தது. சேவைக் கோப்பில் எழுதும் சூழல் மாறிகளைச் சிஸ்டம்டி ரகசியமாகக் கருதுவதே இல்லை. அந்த இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் யாரும் கேட்டால் சொல்லிவிடும். அதன் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஹோஸ்ட், போர்ட், தரவுத்தளப் பெயர் வரை இந்த வழி போதும். கடவுச்சொல்லுக்கு ஆகாது.

எனவே மூன்றாவது வழி: தனிக் கோப்பில் மாறிகளை எழுதி, சேவைக் கோப்பில் என்விரான்மென்ட்ஃபைல் என்று அதன் பாதையைக் கொடுப்பது. இடமாற்ற இரவில் பயன்படுத்திய கோப்பு ஒருவரின் ஹோம் அடைவில் கிடைத்தது. அதை அப்படியே நகலெடுத்துவைத்தோம். மறுதொடக்கம், மீண்டும் லோக்கல்ஹோஸ்ட். சிஸ்டம்டியின் லாகான ஜர்னலைப் பார்த்தால், செல்லாத மதிப்பளிப்பைப் புறக்கணிக்கிறேன் என்று வரிக்கு வரி எழுதிவைத்திருந்தது. நகலெடுத்த கோப்பில் ஒவ்வொரு வரியும் எக்ஸ்போர்ட் என்ற சொல்லோடு தொடங்கியது. ஷெல்லுக்கு அது கட்டளை. சிஸ்டம்டி அந்தக் கோப்பை ஷெல் ஸ்கிரிப்டாக ஓட்டுவதில்லை. சமக் குறிக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் மாறியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். "எக்ஸ்போர்ட் டிபி_ஹோஸ்ட்" என்று நடுவில் இடைவெளியோடு ஒரு பெயர் இருக்க முடியாது, தள்ளிவிட்டது.

எக்ஸ்போர்ட்டை நீக்கினோம். நான்காவது தடவை வந்த பிழை எனக்கு மிகவும் பிடித்தது: போர்ட் எண் செல்லாது, கொடுக்கப்பட்ட மதிப்பு "5432 # புது சர்வர்". வரிக் கடைசியில் யாரோ அன்போடு எழுதிவைத்த குறிப்பு. ஷெல்லில் அந்த ஹாஷ் குறிக்குப் பிறகு வருவது கருத்துரை. சிஸ்டம்டி படிக்கும் கோப்பில் வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் கருத்துரை. நடுவில் வந்தால் அதுவும் மதிப்பின் பகுதி. அதேபோல ஒரு மாறிக்குள் டாலர் குறி போட்டு இன்னொரு மாறியை இழுக்கவும் அங்கே முடியாது, டாலர் டாலராகவே போய்ச் சேரும். ஒரே கோப்பை ஷெல்லில் சோர்ஸ் செய்து சோதித்துவிட்டுச் சேவைக்கும் அதையே கொடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். இரண்டு வாசகர்கள், இரண்டு இலக்கணம்.

குறிப்பை நீக்கியதும் தளம் எழுந்தது. அடுத்த நிமிடம் தொலைபேசியில் "வந்துட்டீங்க, பதினொரு கனெக்ஷன்" என்றார் சக ஊழியர்.

கோப்பின் உரிமை பற்றி ஒரு வார்த்தை. அதை ரூட்டுக்குச் சொந்தமாக்கி, 600 அனுமதி (உரியவர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்திருக்கிறோம். செயலி ஓடும் பயனரால் அதைப் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். சிஸ்டம்டி ரூட்டாக இருக்கும்போதே படித்து மாறிகளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பயனரை மாற்றுகிறது. ப்ராசஸைத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் படிப்பதால், கோப்பை மாற்றினால் டீமன் ரீலோட் தேவையில்லை. ஆனால் மறுதொடக்கம் கட்டாயம். எங்கள் ரீலோட் என்பது அதே ஹப் சிக்னல்தான், அது பழைய மாஸ்டரின் பழைய பட்டியலையே தொடரும். இதையும்விட இறுக்கமாக வேண்டுமென்றால் சிஸ்டம்டி 247-இலிருந்து லோட்க்ரெடென்ஷியல் இருக்கிறது. கடவுச்சொல் சூழல் மாறியாக வராமல், அந்தச் சேவைக்கு மட்டும் தெரியும் அடைவில் ஒரு கோப்பாக வரும். செயலியில் அதைப் படிக்கச் சில வரிகள் எழுத வேண்டும். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை. கடவுச்சொல்லை மட்டும் அன்றே மாற்றிவிட்டோம், சதவீதக் குறி இல்லாமல்.

உங்களுடையது பிஎச்பி என்றால் இன்னும் ஒரு கதவு உண்டு. சிஸ்டம்டி சரியாகக் கொடுத்தாலும், பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம் தன் வொர்க்கர்களுக்கு அனுப்பும் முன் சூழலைத் துடைத்துவிடும். கிளியர்_என்வ் என்ற அமைப்பு இயல்பாகவே ஆன். அதை அணைக்கலாம், அல்லது பூல் கோப்பில் தேவையான மாறிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அனுமதிக்கலாம். இரண்டாவதுதான் என் விருப்பம். என்ஜின்எக்ஸும் தனக்கு வந்தவற்றில் நேர மண்டல மாறியைத் தவிர மற்றவற்றை இயல்பாக நீக்கிவிடும். ஆனால் எங்கள் விஷயத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லை. அது கோரிக்கைகளைக் கடத்தும் வாயிற்காவலர். கூனிகார்னைப் பெற்றவர் அல்ல. அன்று ஒருவர் அங்கேயும் மாறிகளை எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார் என்பதால் சொல்கிறேன்.

தப்பிப் போன பதிவுகள்

மூன்று மணி நேரத்தில் 38 பதிவுகள் பழைய தரவுத்தளத்தில் விழுந்திருந்தன. எடுத்து இங்கே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பழைய தரவுத்தளத்தின் வரிசை எண் ஐந்து மாதத்துக்கு முன் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்திருந்தது. அந்த எண்கள் எல்லாம் புதியதில் எப்போதோ வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டன. பதிவு எண்ணையே உறுதிச் சீட்டில் அச்சிட்டு அனுப்புகிறோம் என்பதால், ஒரே எண்ணோடு இரண்டு பேர் கையில் சீட்டு. எண் இல்லாமல் வரிகளைச் சேர்த்து, புது எண் வாங்கி, அதோடு தொடர்புடைய கட்டண வரிகளைப் புது எண்ணுக்கு இழுத்துக் கட்டி, 38 பேருக்கும் மன்னிப்போடு புதுச் சீட்டு அனுப்ப ஞாயிறு முழுக்கப் போனது. அதில் நான்கு பேர் சேர்ந்திருந்த வகுப்பு உண்மையில் இரண்டு மாதத்துக்கு முன்பே நிறைந்துவிட்டது. அவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினோம்.

செட்டிங்ஸ் கோப்பில் இயல்பு மதிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டோம். மாறி இல்லையென்றால் செயலி தொடங்கும்போதே கீஎரர் (கேட்ட பெயர் இல்லை என்ற பிழை) கொடுத்து விழும். கூனிகார்ன் வொர்க்கர் எழாததால் மாஸ்டரும் வெளியேறும், சேவை சிவப்பாகும். மாறி இருந்து மதிப்பு காலியாக இருந்தாலும் விழ வைத்திருக்கிறோம். ஹோஸ்ட் காலியாக வந்தால் ஜாங்கோ அதை இந்த இயந்திரத்திலேயே இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட் என்று எடுத்துக்கொள்ளும், மறுபடி அதே பள்ளம். கண்காணிப்புக்கான பக்கம் இப்போது முகப்பை மட்டும் தொட்டுப் பார்ப்பதில்லை. இனெட்_சர்வர்_அட்ர் என்ற போஸ்ட்கிரெஸ் செயற்கூற்றைக் கூப்பிட்டு, எந்த முகவரியில் இருக்கும் தரவுத்தளம் பதில் சொல்கிறது என்று கேட்டு ஒப்பிடுகிறது.

இயல்பு மதிப்புகளை நீக்கிய மறுநாள் காலை, தினசரி அறிக்கை மின்னஞ்சல் வரவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரானில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் அது. மொத்தப் பயனர்கள் எத்தனை, மொத்தப் பதிவுகள் எத்தனை என்று எண்ணி அனுப்பும். லாகில் அதே கீஎரர். கிரானும் தன் வேலைகளுக்குத் தானே ஒரு சின்னச் சூழலைக் கொடுக்கும். எங்கள் டிமக்ஸ் ஷெல் அதற்குத் தெரியாது. அப்படியானால் இத்தனை நாளும் அது எங்கே போய் எண்ணிக்கொண்டிருந்தது என்று யோசித்து, அஞ்சல் பெட்டியில் பழைய அறிக்கைகளைத் தேடினேன். அவற்றைப் படிக்காமலே தனி அடைவுக்கு அனுப்பும் விதி ஒன்றை நானே போட்டுவைத்திருந்தேன். ஐந்து மாத அறிக்கைகள், வரிசையாக. ரீபூட் நாள் வரை ஒவ்வொன்றிலும் அதே இரண்டு எண்கள்.